எட்டிக்காயும் ஆறு நாள் ஓட்டமும்

(போன இதழில் ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் பீட்டர் லவ்சி பற்றியும், விக்டோரியா ராணி காலத்து விளையாட்டு உலகத்தை வைத்து அவர் எழுதிய கதைகள் பற்றியும் நாலே நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த வாரம் வேறு கேள்விக்கே இடமில்லை. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.)

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்: முப்பது வருஷம் பையன்களை ஓடவிட்டவன் நான். ஓட்டப்பந்தயத்தில் என்ன சார் மர்மம்? விசில் ஊதினால் ஓடுவான், ஒருத்தன் ஜெயிப்பான். இதை வைத்து ஒருவர் எட்டு நாவல் எழுதினார் என்கிறீர்களே?

முதலில் ஒரு திருத்தம். சார்ஜன்ட் கிரிப் என்ற போலீஸ்காரரை வைத்து அவர் எழுதியது எட்டு நாவல், ஆனால் எட்டும் விளையாட்டு இல்லை. ஒன்று ஓட்டம், ஒன்று கையுறை போடாத குத்துச்சண்டை, ஒன்று தேம்ஸ் நதியில் படகு. மற்றதெல்லாம் பாட்டுக் கொட்டகை, கடற்கரை, வெடிகுண்டு என்று வேறு பக்கம் போய்விடும்.

இப்போது மர்மத்துக்கு வருகிறேன். நீங்கள் ஓடவிட்டது பள்ளி மைதானத்தில். அங்கே ஜெயித்தால் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தோற்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். 1870களின் லண்டனில் ஒருவன் ஓடினால் அவன் பின்னாலேயே அவன் மேல் பணம் கட்டியவன், அவனுக்கு எதிராகக் கட்டியவன், இரண்டு பக்கமும் கட்டிவிட்டுத் தூக்கம் வராமல் புரள்பவன், பயிற்சியாளர், மண்டபத்துக்காரர், பத்திரிகைக்காரர் என்று ஒரு கூட்டமே ஓடும். இதில் ஒவ்வொருவருக்கும் அந்த ஆள் ஜெயிக்கவோ தோற்கவோ விழவோ ஒரு காரணம் உண்டு. துப்பறியும் கதைக்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் காலத்தின் பெரிய பைத்தியம் ஆறு நாள் நடை. சர் ஜான் ஆஸ்ட்லி என்ற நாடாளுமன்ற உறுப்பினர், பந்தயப் பிரியர், ஒரு பெல்ட்டைப் பரிசாக வைத்து 1878 மார்ச்சில் லண்டன் இஸ்லிங்டனில் இருந்த வேளாண் மண்டபத்தில் முதல் போட்டியை நடத்தினார். வேளாண் மண்டபம் என்றால் நிஜமாகவே மாட்டுக் கண்காட்சிக்காகக் கட்டியது. மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே வாயு விளக்கு, சுருட்டுப் புகை, வட்டமாக ஒரு பாதை, ஓரத்தில் போட்டியாளர்கள் படுக்கக் கூடாரம். நடக்கலாம், ஓடலாம், தவழ்ந்தாலும் கேட்பாரில்லை. இஷ்டப்படி போ என்பதுதான் விதி. அயர்லாந்தில் பிறந்து சிகாகோவில் குடியிருந்த டேனியல் ஓ'லியரி அதில் 520 மைல் போய் ஜெயித்தார், நம் கணக்கில் 837 கிலோமீட்டர். மூன்றாம் நாளிலிருந்தே எல்லோரும் தள்ளாட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இந்தப் போட்டிகளுக்கு ஜனங்கள் வைத்த செல்லப் பெயரே ‘வாபிள்’, அதாவது தள்ளாட்டம். லவ்சியின் முதல் நாவலான ‘வாபிள் டு டெத்’ (1970) தன் தலைப்பில் அந்த வார்த்தையைத்தான் வைத்திருக்கிறது.

கதை 1879 நவம்பரில், அதே மண்டபத்தில் நடக்கிறது. லவ்சி அதற்கு முன்பே நெடுந்தூர ஓட்டக்காரர்களின் வரலாற்றை எழுதி 1968இல் புத்தகமாகப் போட்டவர், ஆக அவருக்குப் பாதையின் சுற்றளவிலிருந்து கால் கொப்புளத்துக்குத் தடவும் மருந்துவரை தெரியும். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், முதல் துப்பறியும் நாவலுக்கு 1,000 பவுண்டு பரிசு என்ற விளம்பரத்தைப் பார்த்து, தெரிந்த உலகத்திலேயே ஒரு கொலையைப் போட்டார், பரிசை வாங்கிக்கொண்டார். நான் ரசிப்பது அவர் தேர்ந்தெடுத்த இடத்தை. கொலை நடந்த பிறகும் பந்தயம் நிற்பதில்லை. சந்தேகப்பட வேண்டியவர்கள் எல்லாம் போலீஸ்காரர் கண்ணெதிரே செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறார்கள், ஒருவனும் ஓடிப்போக முடியாது, ஓடினாலும் திரும்ப அங்கேயே வந்து நிற்பான்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: அதென்ன ஆறு நாள்? ஏழு நாளாக வைத்தால் ஒரு வாரம் என்று கணக்கு முடியுமே!

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். அன்று விளையாட்டுக் கூடாது. அதனால் ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் கிளம்பினால் சனி நள்ளிரவுக்குள் முடித்தாக வேண்டும். கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த அதே ஆறு நாள், பந்தயக்காரர்களும் அவ்வளவுதான் எடுத்துக்கொண்டார்கள்.

1888இல் ஷெஃபீல்டுக்காரர் ஜார்ஜ் லிட்டில்வுட் நியூயார்க்கில் ஆறு நாளில் 623¾ மைல் ஓடினார், அதாவது 1,000 கிலோமீட்டருக்கும் சற்று மேலே. அதை முறியடிக்க 1984இல் கிரேக்கத்தின் யானிஸ் கூரோஸ் வர வேண்டியிருந்தது.

மருந்துக்கடைக்காரர், காரைக்குடி: லவ்சியின் முதல் நாவலில் ஓட்டக்காரர் ஒருவர் ஸ்ட்ரிக்னைன் விஷத்தில் சாவதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஓடுகிறவனுக்கு அந்த விஷத்தை யார், எப்படிக் கொடுக்க முடியும்? நாக்கில் பட்டாலே துப்பிவிடுவானே.

தொழில்காரரின் கேள்வி! இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரிக்னைன் வேறு எங்கிருந்தும் வரவில்லை, நம் எட்டிக்கொட்டையிலிருந்து வந்தது. எங்கள் ஊர் ஓடைக்கரையில் ஒரு எட்டி மரம் நிற்கும், ஆரஞ்சு நிறத்தில் அழகழகாகப் பழுக்கும், ஒரு பையன் கிட்டே போக மாட்டான். ‘எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று பழமொழியே வைத்துவிட்டோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டில் சும்மா முளைக்கிற இந்த மரத்தின் கொட்டை மூட்டை மூட்டையாகக் கப்பலேறி இங்கிலாந்து போனது. எலி கொல்ல ஒரு பங்கு, மருந்துக்கடைக்கு ஒரு பங்கு. மருந்தா என்றால், ஆமாம், துளியூண்டு அளவில் அது நரம்பை முறுக்கேற்றும் டானிக் என்று அப்போதைய வைத்தியர்கள் நம்பினார்கள். பயிற்சியாளர்களும் நம்பினார்கள். இந்த ஓட்டக்காரர்களுக்கு ஷாம்பெயினும் பிராந்தியும் சாதாரணம், எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் 1876இல் லண்டனில் நடந்தபோது கோக்கா இலையை மென்றது தெரிந்து மருத்துவப் பத்திரிகையிலேயே விவாதம் நடந்தது. ஊக்க மருந்து கூடாது என்ற விதி அப்போது இல்லை. ஆக யார் கொடுக்க முடியும் என்றால், தினமும் டானிக் கொடுக்கிறவனே கொடுக்கலாம். கசப்பாக இருந்தாலும் குடிப்பான், டானிக் என்றால் கசக்கத்தானே வேண்டும்! கைதவறி அளவு கூடியதா, யாராவது கூட்டினார்களா என்பதுதான் சார்ஜன்ட் கிரிப்பின் தலைவலி. விடையை நான் சொல்ல மாட்டேன்.

நாவலில் இன்னொரு நல்ல இடம், செத்தவனுக்கு முதலில் வில்வாத ஜன்னி, அதாவது டெட்டனஸ், என்று நினைத்துவிடுகிறார்கள். கால் முழுக்கப் புண்ணோடு மாடு கட்டிய மண்டபத்தில் நடந்தவனுக்கு அது வந்தால் ஆச்சரியமில்லைதான். இரண்டிலும் உடம்பு வில்லாக வளையும். ஆனால் டெட்டனஸ் பெரும்பாலும் தாடையில் ஆரம்பித்து நாள்கணக்கில் முற்றும், எட்டி விஷம் மணிக்கணக்கில், சில சமயம் நிமிஷக்கணக்கில் முடித்துவிடும், இழுப்புக்கு நடுவே உடம்பு தளர்ந்தும் கொடுக்கும்.

இது கற்பனைக் குழப்பம் என்று நினைக்காதீர்கள். 1856இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் இதே வாதம்தான் பன்னிரண்டு நாள் நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் வில்லியம் பாமர், ரூஜ்லி ஊர் டாக்டர், பந்தயக் குதிரை வைத்திருந்தவர், கழுத்தளவு கடன். அவருடைய சிநேகிதர் ஜான் பார்சன்ஸ் குக்கின் குதிரை போல்ஸ்டார் 1855 நவம்பர் 13 அன்று ஷ்ரூஸ்பரியில் ஜெயித்தது. ஜெயித்த சந்தோஷத்தில் குடித்த பிராந்தி தொண்டையை எரிக்கிறது என்று மறுநாள் ராத்திரி குக் கத்தினார். ஒரு வாரத்தில், பாமர் வீட்டுக்கு எதிரேயே இருந்த விடுதியில், உடம்பு வளைந்து செத்துப்போனார். ஜெயித்த பணத்தை அதற்குள் பாமர் ஆள் வைத்து வாங்கிக்கொண்டாகிவிட்டது. பிரேதப் பரிசோதனையையாவது ஒழுங்காக நடக்கவிட்டாரா? கூடவே நின்று இடித்துத் தள்ளி, வயிற்றுப் பகுதி வைத்த ஜாடி கொஞ்ச நேரம் காணாமல் போய், மூடிய துணி கிழிந்து கிடைத்தது. அந்த ஜாடியை ஏற்றிப்போகும் வண்டியைக் கவிழ்த்தால் 10 பவுண்டு தருகிறேன் என்று வண்டிக்காரப் பையனிடம் பேரம் பேசியதாகவும் சாட்சி வந்தது. லண்டனிலிருந்து வந்த ஆய்வுக் கடிதத்தை ஊர் தபால் அதிகாரியே பிரித்து அவருக்குச் சேதி சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நாவலில் எழுதினால் ‘ஓவர்’ என்பீர்கள்.

கடைசியில் குக்கின் உடம்பில் ஸ்ட்ரிக்னைன் கிடைக்கவே இல்லை, ஆன்டிமனி என்ற வேறொரு விஷம் மட்டும்தான் கிடைத்தது. ஆனால் சாவதற்கு முந்தைய இரண்டு நாளில் பாமர் ஸ்ட்ரிக்னைன் வாங்கியதற்குச் சாட்சி இருந்தது. தூக்கில் போட்டுவிட்டார்கள். சரியான தீர்ப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இன்றைய வக்கீல் ஒருவர் கையில் அந்த வழக்கைக் கொடுத்தால் என்ன ஆகுமோ.

வங்கி ஊழியர், ஈரோடு: குதிரைப் பந்தயம் என்றதும் கேட்கத் தோன்றியது. ஒரு குதிரைக்குப் பதில் வேறு குதிரையை ஓட்டி ஏமாற்றுவதெல்லாம் கதையில்தானே?

இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயமான டெர்பியையே 1844இல் அப்படித்தான் ஜெயித்தார்கள். மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம் அது. முதலில் வந்தது ‘ரன்னிங் ரெய்ன்’. உண்மையில் அது ‘மக்காபியஸ்’ என்ற நாலு வயதுக் குதிரை. அந்த வயதில் ஒரு வருஷம் கூட என்றால் எட்டாம் வகுப்புப் பையன்களோடு பிளஸ் டூ பையன் ஓடுவது மாதிரி. இரண்டாவதாக வந்த குதிரையின் சொந்தக்காரர் பிரதமர் ராபர்ட் பீலின் தம்பி. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி ஆல்டர்சன் ரொம்ப எளிமையாக ஒன்று கேட்டார்: குதிரையைக் கொண்டுவாருங்கள், பல்லைப் பார்த்துவிடலாம். குதிரை மாயம்! வழக்கு அத்தோடு விழுந்தது. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, ஜெயித்த குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதே பந்தயத்தில் ஓடிக் கால் ஒடிந்து சுடப்பட்ட இன்னொரு குதிரையின் தாடையைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் அதற்கும் வயது அதிகம். அந்த வருஷம் நிஜமான மூன்று வயதுக் குதிரைகள் எத்தனை ஓடின என்று யாராவது எண்ணியிருக்க வேண்டும்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: இத்தனை மோசடி நடக்கும்போது ஸ்காட்லாந்து யார்டு என்ன செய்துகொண்டிருந்தது?

பங்கு வாங்கிக்கொண்டிருந்தது அம்மா.

கிண்டல் இல்லை, 1877இல் நிரூபணமே ஆனது. ஹாரி பென்சன், வில்லியம் கர் என்று இரண்டு எத்தர்கள், பாரிஸில் இருந்த மேடம் த கோன்கூர் என்ற பணக்கார அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள். தாங்கள் பந்தயத்தில் எப்போதும் ஜெயிப்பதால் இங்கிலாந்துப் பந்தயத் தரகர்கள் தங்களிடம் பணம் வாங்குவதில்லை, உங்கள் பெயரில் கட்டித் தந்தால் கமிஷன் என்று கதை. நம்பவைப்பதற்காகப் பொய்யாக ஒரு விளையாட்டுப் பத்திரிகையையே அச்சடித்து அனுப்பினார்கள். சுமார் 10,000 பவுண்டு போன பிறகு அந்த அம்மாள் விழித்துக்கொண்டார். போலீஸ் துரத்த ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் எத்தர்கள் ஒரு படி முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்கள். எப்படி? துப்பறியும் இன்ஸ்பெக்டர்களே முன்கூட்டித் தகவல் கொடுத்திருக்கிறார்கள். மைக்கிள்ஜான், ட்ருஸ்கோவிச், பாமர் (இவர் வேறு பாமர், விஷ டாக்டர் இல்லை) ஆகிய மூன்று பேருக்கும் இரண்டு வருஷம் கடுங்காவல். கிளார்க் என்ற நாலாவது இன்ஸ்பெக்டர் விடுதலையானார். மானம் போன துறையைக் கலைத்துவிட்டு 1878இல் புதிதாகக் கட்டியதுதான் சி.ஐ.டி. நம் ஊர் சினிமாவில் ‘நான் சி.ஐ.டி.’ என்று ஒருவர் தொப்பியைக் கழற்றுவாரே, அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு குதிரைப் பந்தய மோசடி இருக்கிறது.

கிரிப் கதைகள் 1879இல் தொடங்குகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். துறைக்கு அப்போது ஒரு வயது. ஜனங்களுக்குத் துப்பறிகிறவன் என்றாலே லஞ்சம் வாங்குகிறவன் என்ற நினைப்பு மாறாத நேரம். விரல்ரேகைப் பிரிவு வர 1901 ஆக வேண்டும். ஆகவே கிரிப்புக்கு இருப்பது ஒரு நோட்டுப்புத்தகம், கூர்மையான வாய், அப்புறம் எரிச்சல்படுத்தும் மேலதிகாரி. அவருடைய கான்ஸ்டபிள் தாக்கரே தாடியும் உடம்புமாகப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். எனக்கு கிரிப்பை விடத் தாக்கரேயைப் பிடிக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்: ஷெர்லாக் ஹோம்ஸுக்கு விளையாட்டு தெரியுமா?

ஹோம்ஸ் நல்ல குத்துச்சண்டைக்காரர் தம்பி. ஆனால் காணாமல் போன ரக்பி வீரனைத் தேடச் சொல்லி வந்தவரிடம், நாட்டுக்கே தெரிந்த அந்தப் பையனை யாரென்று தெரியாமல் முழித்தவர். அவரைப் படைத்த கோனன் டாயில் அதற்கு நேர் எதிர். கிரிக்கெட்டில் டபிள்யூ.ஜி. கிரேஸின் விக்கெட்டையே 1900இல் எடுத்தவர். கால்பந்தில் கோல்கீப்பர் வேறு.

ஆனால் குதிரை விஷயத்தில் சறுக்கினார். ‘சில்வர் பிளேஸ்’ (1892) கதையில் வரும் பந்தய விவகாரங்கள் நிஜத்தில் நடந்திருந்தால் பாதிப் பேர் ஜெயிலுக்கும் மீதிப் பேர் பந்தயத் திடலை விட்டு நிரந்தரமாகவும் போயிருப்பார்கள் என்று விமர்சகர் ஒருவர் கிழித்துவிட்டதாக அவரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அதே கதையில் ஒரு தங்கமான துப்பு உண்டு. லாயத்துப் பையனை மயக்க அபினை எதில் கலந்தார்கள் தெரியுமா? மட்டன் கறியில். மசாலா வாசனையில் அபின் ருசி தெரியாது. அன்றைக்கு ராத்திரி கறி வைக்கச் சொன்னது யார் என்பதிலிருந்து ஹோம்ஸ் பிடிக்கிறார். நம் வீட்டில் இந்தத் துப்பு செல்லாது, ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டிலும் கறிதான்.

தனியார் நிறுவன ஊழியர், திருப்பூர்: எல்லாம் ஆண்கள் கதையாகவே இருக்கிறதே, பெண்கள் யாரும் ஓடவில்லையா?

நடந்தார்கள். லண்டனில் பிறந்த ஏடா ஆண்டர்சன் 1878 டிசம்பரில் நியூயார்க்கை ஒட்டிய புரூக்ளினில் ஆரம்பித்து, ஒவ்வொரு கால் மணிக்கும் கால் மைல் என்று 2,700 கால் மைல் நடந்தார். கணக்குப் போட்டால் 28 நாள். அந்த 28 நாளும் ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் தூங்க முடியாது. நடுநடுவே பார்க்க வந்தவர்களுக்குப் பாட்டும் பாடினார். இவரை மையமாக வைத்து ஒரு துப்பறியும் நாவல் என் கண்ணில் படவில்லை. நீங்களாவது எழுதுங்கள்.

சிறுகதை எழுத்தாளர், கோவை: நானே எழுதலாம் என்றிருக்கிறேன். அந்தக் காலத்து நிஜச் சம்பவம் ஒன்று கொடுங்களேன். கொலை இருந்தால் நல்லது.

ஜாக்கி ஃப்ரெட் ஆர்ச்சரை எடுக்காதீர்கள். 13 தடவை சாம்பியன், 2,748 வெற்றி, 29 வயதில் 1886 நவம்பரில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். லவ்சி அதை ஏற்கெனவே எடுத்து, வேல்ஸ் இளவரசரையே துப்பறிய வைத்து 1987இல் எழுதிவிட்டார்.

படகுக்காரர் ஜேம்ஸ் ரென்ஃபோர்த் வேண்டுமானால் பாருங்கள். இங்கிலாந்தின் டைன் நதிக்கரை ஆள், 1871 ஆகஸ்டில் கனடாவில் நடந்த பந்தயத்தில் துடுப்போடு சரிந்தார், கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. விஷம் என்ற பேச்சு உடனே கிளம்பியது. பணம் அந்த அளவுக்குக் கட்டியிருந்தார்கள்.

என் ஓட்டு மட்டும் வேறொன்றுக்கு. 1887 செப்டம்பர், லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானம். ஹாரி ஹட்சென்ஸ், ஹாரி ஜென்ட் இரண்டு பேரும் அந்தக் காலத்தின் மின்னல்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் காசு கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. உடை மாற்றும் அறையிலோ இரண்டு பக்கத்துப் பந்தயக் கும்பலும் யார் தோற்பது என்பதில் ஒத்துப்போகாமல் சண்டை. கடைசியில் ஓட்டக்காரர்கள் இருவரையும் அவரவர் ஆட்கள் சத்தமில்லாமல் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். காத்திருந்த கூட்டம் வேலியைப் பிடுங்கி, கொட்டகைக்குத் தீ வைத்து, மைதானத்தையே சாம்பலாக்கியது. ஒரு உயிரும் போனது. அந்த இடம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஓடாத ஒரு ஓட்டப்பந்தயம், இரண்டு ஹாரி, பூட்டிய அறையில் நடந்த பேரம், வெளியே தீ. பிணத்தை எங்கே கிடத்துவது என்பது உங்கள் பாடு. எழுதி முடித்ததும் அனுப்புங்கள், ஆனால் தயவுசெய்து கையெழுத்துப் பிரதியாக வேண்டாம், போன வருஷம் வந்த ஒன்றை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.